படியில் நிற்பவர்கள்

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே வசவுதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அரசுப் பேருந்தின் பின்படியில், முடி காற்றில் பறக்கத் தொங்கிக்கொண்டிருந்தேன். அப்போது பறப்பதற்கு முடி இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆள் வந்தார்.

“இன்னாபா, படிய பட்டா போட்டு வாங்கிட்டியா? உள்ள வா, இல்ல எறங்கு. படில நிக்காத!”

உள்ளே இடமில்லை என்றேன்.

“அப்ப எறங்கு.”

இறங்கினால் அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்றேன்.

“அப்ப உள்ள வா.”

உலகத்தில் இரண்டே வழிகள்தான் உண்டு என்று நம்பும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார்கள். என் கல்யாணமே அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்துவிட்டதுதான். உள்ளே போனேன். ஒரு மீன்கூடைக்கும் ஒரு போலீஸ்காரரின் முழங்கைக்கும் நடுவே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மகன் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் பிழைக்கிறான். ஒரு பெயரோடு ‘கஞ்சா’ என்ற சொல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் மாதிரி, கிழித்தாலும் பாதி நிற்கும். ஆகையால் கண்டக்டர் என்றே சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நான் வாரப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை ‘ரைட்டரே’ என்பார். அவர் என் கட்டுரை எதையும் படித்ததில்லை. அதனால் எங்கள் நட்பு நீடித்தது.

“பஸ்ஸ வுட்டாரு, விசில வுடலியே” என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார். உண்மைதான். ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் தோசையா பூரியா என்று யோசித்தால் இவருக்குக் கோபம் வரும். “சொல்லுய்யா, மாஸ்டருக்கு வயசாவுது.” மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, “வரப் பார்க்கிறேன்” என்று வழக்கம்போலச் சொல்லிவைத்தேன். கொடுத்த பத்திரிகையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“பாக்க வாணாம். வரியா, வரலியா?”

வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் பத்திரிகை திரும்ப வந்தது. மஞ்சள் தடவிய மூலை கசங்கியிருந்தது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வண்டியின் படியிலிருந்து ஒருவன் விழுந்தானாம். விழும்போது பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்தானாம். “படில நிக்கிறவன் தனியா வுழ மாட்டான் ரைட்டரே. பக்கத்துல கீறவனையும் இட்டுகினுதான் வுழுவான்.” 

கஞ்சா விஷயத்திலும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வாடை வந்தால் நடுரோட்டில் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, ஆளை இறக்கி, பயணச்சீட்டையும் திருப்பி வாங்கிக் கிழித்துப்போட்ட மனிதர் அவர். கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கியவர் என்று அவரைப் பின்னாளில் சிலர் பேசினார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் அப்படி இறக்கிவிடப்பட்டவர்கள்.

அவர் மகன் எலக்ட்ரீஷியன். அணுபுரத்துக்குப் பக்கத்து ஆலையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை. ஆலைக்குள் போக கேட் பாஸ் வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போது இவன்மேல் வழக்கு ஏதுமில்லை என்று போலீஸ் எழுதித்தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சவுக்குத்தோப்பில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தவனின் சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிடித்தார்கள். அதே சாயங்காலம் மொட்டைமாடி ஓட்டல்களில் வெளிநாட்டுக்காரர்கள் விட்ட புகையில் கலங்கரை விளக்கமே தும்மிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சி. இந்தப் பக்கம் அரசாங்கக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டுச் சாலையோரம் கிடந்தவர்களுக்கு, வருவாய்க்கு உதவியவர்கள் என்ற முறையில், யாரும் தொந்தரவு கொடுக்கவில்லை.

வக்கீல் சொன்னார்: “குத்தத்த ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்.” மகன் தயங்கி அப்பாவைப் பார்த்தான். கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில், கண்டக்டர் கேட்டார்:

“வெச்சிருந்தியா, இல்லியா?”

“வெச்சிருந்தேன் நைனா.”

“அப்ப வெச்சிருந்தேன்னு சொல்லு. இன்னாத்துக்கு முழுங்கற?”

சொன்னான். அபராதம் கட்டினார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்துப் பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். கேட் பாஸ் புதுப்பிக்கும் நாளில்தான் தெரிந்தது: ஒத்துக்கொண்ட குற்றம், ஒத்துக்கொண்ட குற்றமாகவே எழுதப்பட்டிருந்தது. பாஸ் கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் நல்ல மனிதர். “உள்ள விட மாட்டேன்றாங்க தம்பி, நான் இன்னா பண்றது” என்று வருத்தப்பட்டார். சங்கடத்தோடு இன்னொரு எலக்ட்ரீஷியனை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் கண்டக்டர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“பெயில் கெடச்ச அன்னிக்கே பளார்னு ஒண்ணு வெச்சேன் ரைட்டரே. அது அப்பன் குடுத்தது. கோர்ட்டு ஃபைன் வாங்கிச்சி. அது கவர்மென்ட் குடுத்தது. இப்ப சாவுற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நில்லுன்றாங்களே, இது யாரு குடுத்தது?”

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: சட்டம்.

“சட்டத்த யாரு போடறது?”

டெல்லியில் எம்.பி.க்கள், என்றேன். இங்கே உள்ள எம்.எல்.ஏ.க்கள் தீர்மானம் போட்டு டெல்லிக்குச் சொல்லலாம், என்றும் சேர்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“அப்ப அவங்களையே கேப்போம். எழுது.”

எழுதினேன். அவர் சொல்வதை நான் பத்திரிகைத் தமிழுக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. ‘சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு கஞ்சா வைத்திருந்து பிடிபட்டவரைக் குற்றவாளியாக்காமல், சிகிச்சைக்கு அனுப்பும்படி சட்டத்தைத் திருத்துவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? தங்கள் நிலைப்பாட்டைத் தெரிவிக்கக் கோருகிறேன்.’

“நிலைப்பாடுன்னா?”

“எங்கே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.”

“அட, நம்ம மேட்டரு!” என்றார். அன்று அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன்.

தன் தொகுதி வாக்காளர் எழுதினால்தான் எந்த உறுப்பினரும் உறையைப் பிரிப்பார் என்று யாரோ சொன்னார்கள். அது மற்றவர்களுக்குத் தடை, கண்டக்டருக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் மாற்றி மாற்றி ஓடிய வழித்தடங்களில் நிறுத்தத்துக்கு ஓர் ஆள் தெரியும் அவருக்கு. மதுராந்தகத்தில் நெல் மண்டியில் எடை போடுகிறவர், கூடுவாஞ்சேரியில் மகளும் அவள் ரயில் சிநேகிதிகளும், இன்னும் எங்கெங்கோ பூ விற்கிறவர்கள், டயர் கடைக்காரர்கள். எல்லோரும் அவர் கேள்வியைத் தங்கள் தங்கள் உறுப்பினருக்கு எழுதினார்கள். சிலர் பயந்தார்கள். “கஞ்சான்னு எம் பேருல லெட்டர் போனா எங்கூட்டுக்காரரு இன்னா நெனைப்பாரு?” என்றாள் ஒரு பூக்காரி. “அவரு இன்னா நெனைக்கிறாருன்னும் கேட்டு எழுதியனுப்பு” என்றார் இவர்.

பதில்கள் வரத் தொடங்கின. ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. ஆவன செய்யப்படும்.’

“ஆவனன்னா இன்னா ரைட்டரே?”

“ஆக வேண்டியவை.”

“ஆவாததுக்கும் இத்தத்தான் போடறானா?”

டெல்லிக்குப் போனவர்கள் எழுதினார்கள்: போலீஸ் மாநில அரசின் பொறுப்பு, அங்கே அணுகவும். மாநிலத்தில் இருப்பவர்கள் எழுதினார்கள்: இது மத்திய சட்டம், அங்கே அணுகவும். கண்டக்டர் இரண்டு கடிதங்களையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “முன்வண்டிக்காரன் பின்னாடி வர்ற வண்டில ஏறுன்றான். பின்வண்டிக்காரன் முன்னாடி போச்சே அத்துல ஏறலியான்றான். நடுவுல எம் புள்ள ரோட்டுல நிக்கிறான்.”

பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, அதில் ஒரு பேருந்து வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் ஒட்டுப்பொட்டு, பக்கத்தில் பெயர். ஆதரவு என்றால் இருக்கையில் ஒட்ட வேண்டும். எதிர்ப்பு என்றால் கீழே தரையில். மற்றவை படியில். சில வாரங்களில் இருக்கைகள் வெறுமையாக இருக்க, படி முழுக்கச் சிவப்பாகப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பேருந்துக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

“எம் பொட்டெல்லாம் எம்.எல்.ஏ.க்கு வெச்சிட்டு, என்ன வெறும் நெத்தியா வுட்டுட்டாரு இந்த மன்சன்” என்றார் அவர் மனைவி, டீயை என் முன்னால் வைத்துக்கொண்டே. “எல்லாத்தையும் படிலயே நிக்க வெச்சிகீறாரு. வண்டி சாஞ்சிடாது?”

“சாஞ்சிதான் கீது” என்றார் கண்டக்டர்.

ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. வடக்கே ஏதோ ஒரு தொகுதியின் உறுப்பினர், வயதான அம்மாள், தன் கையாலேயே எழுதியிருந்தார்: ‘எதிர்க்கிறேன். தண்டனை இருக்கும்போதே பிள்ளைகள் கெடுகிறார்கள். உங்கள் மகனுக்காக வருந்துகிறேன். ஆனால் என் வாக்கு எதிராகத்தான்.’ நான் அதைத் தயக்கத்தோடு படித்துக்காட்டினேன். கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

“எறங்கிட்டாங்க பாத்தியா! மரியாதையான பொம்பள!”

அந்தப் பொட்டைத் தரையில் ஒட்டி, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோலமும் போட்டார். அந்த அம்மாளுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். “உங்கள் பதில் தவறு, ஆனால் அது பதில்” என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல வாக்கியங்களில் அது ஒன்று. அதுவும் அவர் சொன்னதுதான்.

பிறகு அந்தக் காரியம் நடந்தது. கண்டக்டர் தன் பெயரில் எழுதிய கடிதத்துக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் பொருந்தும். ‘தங்கள் பகுதியில் கஞ்சா விற்பனை நடைபெறுவது குறித்த தங்கள் புகார், உரிய நடவடிக்கைக்காகக் காவல்துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

அலுவலகத்தில் யாரோ உறையைப் பிரித்திருக்கிறார். ‘கஞ்சா’ என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். அத்தோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறார். குடிமக்கள் கோரிக்கை வைப்பார்கள், புகார் கொடுப்பார்கள். கேள்வி கேட்பார்கள் என்பதற்கு அங்கே ஒரு தட்டு கிடையாது. நான் ‘நிலைப்பாடு’ என்று அழகாக எழுதியதெல்லாம் புகார்த் தட்டில் விழுந்துவிட்டது.

கடிதம் வந்த மறுநாளே இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

“யாரு இங்க கஞ்சா விக்கிறது? புகார் குடுத்தீங்களாமே?”

“புகார் இல்ல சார், கேள்வி கேட்டேன். தோ, ரைட்டரே எழுதுனாரு” என்று என்னைக் காட்டினார்.

மூத்தவர் சட்டென்று விறைத்து நின்றார். “எந்த ஸ்டேஷன் ரைட்டர் சார்?”

நான் ஸ்டேஷன் எழுத்தர் இல்லை, சிரிப்புக் கட்டுரை எழுத்தாளன் என்று விளக்கினேன். அவர் முகத்தில் எனக்காக வந்திருந்த மரியாதை, வந்த வழியே திரும்பிப் போயிற்று. இளையவர் சுவரில் இருந்த பேருந்தையும் பொட்டுகளையும் பார்த்தார். “இன்னாய்யா இது, சப்ளை ரூட்டா?” என்றார். அப்போது மகன் உள்ளேயிருந்து வந்தான். அவன் பெயரைக் கேட்டார்கள். கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய வழக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“சும்மா விசாரணைக்குத்தான். வா.”

“புகார் குடுத்தவன் வூட்லயே ஆளத் தூக்குறியே, இன்னா நியாயம்யா இது?” கண்டக்டரின் குரல் அந்தத் தெருவின் கடைசி வீடு வரை போயிருக்கும். மகன் திரும்பி, “வுடு நைனா, கத்தாத, எனக்குத்தான் இன்னும் அசிங்கம்” என்று மட்டும் சொன்னான். அன்று பொழுதெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். தெருவுக்கு அது போதும். அதுவரை ‘ஒரு தடவை மாட்டிக்கொண்ட பையன்’ என்று இருந்தவன் ‘அடிக்கடி கூட்டிட்டுப் போறாங்களே, அந்தப் பையன்’ ஆனான்.

இதைச் சிரிக்கும்படி எழுதிவிடலாம் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. முடியவில்லை. ஒரு மனிதர் தன் பிரதிநிதியிடம் ஒரு கேள்வி கேட்டார். பதிலாக அவர் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. இதில் நகைச்சுவை இருந்தால் அது என்னுடையது அல்ல.

கொஞ்ச நாளில் அதே உறுப்பினர் புதிய பேருந்து ஒன்றைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க வந்தார். கண்டக்டர் போனார். விபரீதம் நடந்தால் சாட்சி வேண்டும் என்று நானும் பின்னால் போனேன். மாலை, வாழைமரம், பலூன். உறுப்பினர் கொடியை அசைத்துவிட்டு, பேருந்தின் படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையை உயர்த்திப் புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“படில நிக்காத! உள்ள வா, இல்ல எறங்கு!”

பேருந்து நிலையமே திரும்பியது. அந்தக் குரலில் என்ன இருந்ததோ, உறுப்பினர் யோசிக்காமல் சட்டென்று உள்ளே போய்விட்டார். படத்தில் வெறும் படியும் பலூன்களும்தான் விழுந்தன. கூட்டம் சிரித்தது. “யோவ் பெருசு, யாராண்ட பேசறன்னு தெரியுமா?” என்று தொண்டர்கள் பாய்வதற்குள் கண்டக்டர் பின்வாசல் வழியாக ஏறி, உறுப்பினருக்கு எதிரே நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பழக்கமான இடம்.

“லெட்டரு போட்டேன். கேள்வி கேட்டேன். போலீசு அனுப்பின. இப்ப வாயால சொல்லு. ஆதரிக்கிறியா, எதிர்க்கிறியா?”

உறுப்பினர் வெளியே பார்த்தார். ஜன்னலை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, மனசுல பட்டத சொல்றேன், நீங்க கேக்கறது நியாயம்தான். எம் மச்சான் புள்ளையே ஒருதபா இப்பிடி மாட்டிகினான். ஒரு ஃபோன் போட்டேன், கேஸ் போடாம அனுப்பிட்டாங்க. ஆனா வெளிய சொன்னா கஞ்சா கட்சின்னு பேரு வெச்சிடுவானுங்கண்ணே.”

“அந்தப் புள்ள இப்ப எங்க கீறான்?”

“கனடால படிக்கிறான்.”

கண்டக்டர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். 

“எம் புள்ளைய நான்தான்யா சொன்னேன், செஞ்சத செஞ்சேன்னு சொல்லுன்னு. சொன்னான். கேட்டுக்கு வெளிய நிக்கிறான். நீ ஃபோன்ல மெதுவா சொன்ன, உம் மச்சான் புள்ள ஏரோப்ளேன் ஏறிட்டான். இப்பவும் மெதுவாத்தான் சொல்ற.” பிறகு அந்தக் குரல் எழுந்தது: “உள்ள சொன்னத வெளிய போயி சொல்லு!”

எங்களைப் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டார்கள் என்பது மரியாதையான சொல். நான் சட்டைப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, உறுப்பினர் மறுபடி படிக்கு வந்து, கம்பியைப் பிடித்துக் கையை உயர்த்தினார். இந்த முறை படம் நன்றாக வந்தது. மறுநாள் பேப்பரில் பார்த்தேன்.

கண்டக்டர் இப்போது இல்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெயருக்கு இன்னும் எப்போதாவது பதில் வருகிறது. அவர் மனைவி பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவார். ஆவன செய்யப்படுமாம். நான் கடைசியாக எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டுச் சாலையில் ஓடும் ஒரு தனியார் மினிபஸ்ஸில் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் சான்று கேட்காத வேலை. மின்சாரம் படித்தவனுக்கு, வாசலில் நின்று ஊர்ப்பெயர்களைக் கூவி ஆள் ஏற்றும் வேலை. கண்டக்டர் அந்த வண்டியைத் தவிர்த்தே வந்தார். ஒருநாள் மாமல்லபுரத்தில் அவசரத்துக்கு வேறு வண்டி இல்லை; நானும் கூட இருந்தேன். ஏறினோம். “பூஞ்சேரி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டே!” என்று வெளியே கேட்ட குரல் அப்படியே அப்பா குரல். வண்டி நகர்ந்த பிறகு மகன் ஓடிவந்து படியில் தாவினான். உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தன. அவன் வேலை உள்ளே இல்லை. ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், உடம்பு முழுக்க வெளியே.

நான் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். அந்தத் தடத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும்.

கண்டக்டர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

“கெட்டியா புடிச்சிக்கடா.”

மகன் தலையசைத்தான். பூஞ்சேரி வந்தது, போயிற்று. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே, “பேனா வெச்சிகீறியா?” என்றார். அன்று படியில் நின்று படம் எடுத்துக்கொண்ட அந்த உறுப்பினருக்கு ஒரு கடிதம் சொன்னார். அவர் சொல்வதையெல்லாம் அச்சுத்தமிழுக்கு மாற்றுவதுதான் என் வேலை. அன்று ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. வண்டி குலுங்கிய குலுக்கலில் கோணல்மாணலாக, சொன்னது சொன்னபடி எழுதினேன்:

‘எம் புள்ள படில நிக்கிறான். நின்னாத்தான் அவனுக்கு சோறு. நீயும் நிக்கிறியே, உனக்கு இன்னாய்யா கேடு?’